ஏழு விநாடிக் கொட்டாவி

ரக்பிப் பந்து முட்டை வடிவம். கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதைத் தைத்தவனுக்கே தெரியாது. நாற்பது வருடமாக அந்தப் பந்தை நம்பிக் காலம் தள்ளிய எங்களுக்கு, வேறு எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

எங்கள் கூட்டம் கூடுவது ஓர் இஸ்திரிக் கடையில். ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு சூடு பிடித்தால், எங்களில் முதல் ஆளான கடைக்காரர் கையில் இருக்கும் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிடும். எங்கள் ஊரில் முதுகில் முக்கோணக் கருகலோடு சட்டை போட்டுத் திரிபவர்கள் எல்லாரும் ரக்பிக்காகத் தியாகம் செய்தவர்கள். அடுத்தவர் ரீப்ளே. தபால் ஆபீசில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று தடவை சொல்வார், மூன்றாவது தடவை மெதுவாக. மூன்றாமவன் நான். நான்காமவர் மாவு. பத்தொன்பது வருடமாக பேக்கரியில் இரவு அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் அவர் புருவத்தில் கொஞ்சம் மைதா ஒட்டியிருக்கும். அவர் அதிகம் பேசமாட்டார். நாங்கள் பேசவிட்டதும் இல்லை.

அந்த வருடம் உலகப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எங்கள் அணி தீவு அணியைச் சந்திக்க வேண்டும். தீவு அணிக்காரர்கள் விசில் ஊதுவதற்கு முன்னால் போர் நடனம் ஆடுவார்கள். முழங்காலை மடித்து, தொடையில் அறைந்து, மார்பில் தட்டி, நிலம் அதிர மிதித்துக் கத்துவார்கள். எங்கள் ஆட்கள் எதிரே வரிசையாக நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைப் பற்றி இஸ்திரிக் கடையில் ஒரு மாதம் பேசினோம்.

"ஆட வந்தவன் ஆடிட்டுப் போகணும். வரும்போதே எதுக்குப் பயமுறுத்தறது?" என்றார் இஸ்திரிக்காரர்.

"அது பயமுறுத்தறது இல்லைய்யா. அவங்க பாட்டன் பூட்டன் காலத்து மரியாதை" என்றேன் நான்.

"மரியாதைக்கு எதுக்குத் தொடையில அறையணும்? நான் உனக்கு மரியாதை குடுக்கறேன், என்னிக்காவது தொடையில அறைஞ்சிருக்கேனா?"

"நீ எனக்கு மரியாதை குடுத்ததே இல்லையே."

ரீப்ளே கழுத்தை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அது நடனமே இல்ல. சங்கேதம். இடது தொடையில ரெண்டு அறைஞ்சா பந்து வலது பக்கம் போகும். இடது தொடையில ரெண்டு அறைஞ்சா பந்து வலது பக்கம் போகும்." மூன்றாவது தடவை மெதுவாகச் சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒருவருடைய கல்யாணச் சட்டை புகைய ஆரம்பித்தது.

மாவு மட்டும் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

ஆட்டத்துக்கு நாங்கள் நான்கு பேரும் மாவுடைய மைத்துனனும் போயிருந்தோம். மைத்துனன் லிப்ட் ரிப்பேர் செய்பவன். அவன் மாவுக்குப் பக்கத்து இருக்கை. நாங்கள் பின் வரிசை. தீவுக்காரர்கள் நடனத்தைத் தொடங்கினார்கள். ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மைதானத்தின் பெரிய திரையில் போட, பயந்த முகம் ஒன்றைத் தேடிக் கேமரா அலைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாவு கொட்டாவி விட்டார்.

அது சாதாரணக் கொட்டாவி இல்லை. இரவு முழுக்க எண்ணூறு ரொட்டி சுட்டு, காலையில் நேராக அரங்கத்துக்கு வந்தவருடைய கொட்டாவி. மூன்று மாடி உயரத் திரையில் அவருடைய உள்நாக்கு மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குத் தெரிந்தது. ஏழு விநாடி. பக்கத்தில் மைத்துனன் எனக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் அணி இருபதுக்குப் பத்தொன்பது என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்து அரையிறுதிக்குப் போனது. ஊர் கூத்தாடியது. மறுநாள் காலை மாவு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது.

போட்டியை நடத்தும் பேரவையில் 'ஆட்டத்துக்கு முந்திய சடங்குகள் துணைக்குழு' என்று ஒன்று உண்டு. பேரவையின் விதிப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் ரக்பியை எப்படி ஆடுவது என்பது நாற்பது பக்கத்தில் முடிந்துவிடும். மீதி, ஆடுவதற்கு முன்னால் எப்படி நிற்பது என்பது. கடிதத்தில் முப்பத்தொன்றாம் விதியைச் சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். சொந்த அணியின் ரசிகர் யாராவது எதிரணியின் போர் நடனத்துக்கு முன் அனுமதி இல்லாமல் அங்க அசைவால் பதில் சொன்னால், அது அந்த அணியே சொன்ன பதில். அந்த அணி ஜெயித்திருந்தால் வெற்றி ரத்து, போட்டியிலிருந்து வெளியே. ரசிகருக்கு ஆயுள் முழுக்க அரங்கத்தில் நுழையத் தடை.

சுருக்கமாக, எங்கள் அணி உலகப் போட்டியில் நீடிப்பது மாவுடைய வாயில் இருந்தது.

சாயங்காலம் அவர் கடிதத்தோடு இஸ்திரிக் கடைக்கு வந்தார். நாங்கள் மூவரும் அதை மாறி மாறிப் படித்தோம்.

"யார் சொல்லி விட்டே?" என்றார் இஸ்திரிக்காரர்.

"யாரும் சொல்லல. தூக்கம்."

"நம்ம பிரிவுல அடுத்த இடத்துல இருக்கற அணிக்காரங்க உன்னை வந்து பாத்தாங்களா? நாம வெளிய போனா அவங்கதானே உள்ள வருவாங்க?" ரீப்ளே இதையும் மூன்று தடவை கேட்டார்.

"என்னை ரொட்டி வாங்க வர்றவங்களைத் தவிர யாருமே பாக்க வர்றதில்லைய்யா. நைட்டு டூட்டி. தூக்கம் வந்துச்சு. கொட்டாவி விட்டேன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பவில்லை. தூக்கம் வந்தவன் கொட்டாவி விட்டான் என்று விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டால், நாற்பது வருடமாக நாங்கள் பேசியதற்கெல்லாம் என்ன மதிப்பு?

வீட்டிலும் விசாரணை நடந்திருக்கிறது. மாவுடைய மனைவி துணிக்கடையில் பில் போடுபவர். ஒரு எண்ணையும் ஒரு மனிதனையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார்.

"யாரைப் பாத்துங்க கொட்டாவி விட்டீங்க?"

"யாரைப் பாத்தும் இல்லம்மா. சும்மா."

"நம்ம கல்யாண வீடியோவுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

"அன்னிக்கும் நைட்டு டூட்டி முடிச்சுட்டுத்தானே வந்தேன்!"

"அப்ப எனக்குப் புரியல. இப்பப் புரியுது" என்றார் அந்த அம்மா. என்ன புரிந்தது என்று மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு நாளில் பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மோந்து பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மைத்துனன் வேலை பார்க்கும் இடத்தில், "நீங்க அவரோட சொந்தமா?" என்று கேட்டுவிட்டு லிப்டில் ஏறாமல் படியில் போனார்கள்.

விசாரணைக்கு ஒரு துணை கொண்டுவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. மைத்துனனுக்கு அன்று ஏதோ ஒரு லிப்டு பாதியில் நின்றுவிட்டதாம். வேலைவெட்டி இல்லாத நான் போனேன்.

துணைக்குழுவின் அறை ஏழாவது மாடியில். நடக்கும்போது கால் புதையும் கம்பளம். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரக்பிப் பந்து. யாரும் உதைக்கக் கூடாது என்று கீழே எழுதியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர், செயலாளர், இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் மெலிந்த ஓர் அம்மாள், பேச்சை எல்லாம் குறிப்பெழுதுபவர். அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மரியாதையாக நின்றோம். யாருக்கு என்று நான் கேட்டேன். "பொதுவா" என்றார் செயலாளர்.

பிறகு தலைவர் பேசினார். குழைந்த குரல், விரலுக்கு ஒரு மோதிரம்.

"நான் விளையாட்டுக்காக முப்பத்திரண்டு வருஷம் உழைச்சவன். படகுப் பந்தயச் சங்கத்துக்குப் பன்னெண்டு வருஷம் தலைவரா இருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணிப் பக்கமே போனதில்ல. அப்புறம் மலையேறுறவங்க சங்கம். எனக்குத் தலைசுத்தல் உண்டு, கீழ இருந்தே நடத்தினேன். ரக்பி ஆட்டம் இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. பாத்தா ஒரு பக்கம் சாஞ்சிடுவோம். நடுநிலைங்கறது அப்படித்தான் வரும். மரியாதை மனசுல இருக்குன்னு சில பேர் சொல்றாங்க. மனசுல இருந்து என்ன பிரயோஜனம்? அங்க நான் எப்படி ஸ்கேல் வைக்கறது? மரியாதைன்னா வெளிய தெரியணும், சென்டிமீட்டர்ல வரணும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம். நாங்க இல்லன்னா வெறும் ஆட்டம்தான் இருக்கும்."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். 'வாய் திறந்ததற்கான காரணம்' என்ற தலைப்பின் கீழே கட்டம் கட்டமாக இருந்தது. அவமதிப்பு, ஏளனம், பழிவாங்கல், சதி, சூதாட்டம், அரசியல், பிற.

மாவு பேனாவைப் பிடித்துக்கொண்டு தேடினார். "சார், தூக்கம்னு ஒரு கட்டம் இல்லையே?"

"தூக்கமா?" செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். அறையில் ஒரு புதுச் சந்தேகம் நுழைந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் முழிச்சுட்டு இருக்கற இடத்துல உங்களுக்கு மட்டும் எதுக்குத் தூக்கம் வந்துச்சு?"

"ராத்திரி வேலை சார். ரொட்டி சுடுறேன்."

"ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி குறிப்பா எதுக்கு ரொட்டி சுட்டீங்க?"

"தினமும்தான் சார் சுடுறேன். பத்தொன்பது வருஷமா."

"பத்தொன்பது வருஷத் தயாரிப்பு" என்று செயலாளர் சொல்ல, குறிப்பெழுதும் அம்மாள் எழுதிக்கொண்டார்.

"'பிற'ன்னு போட்டுத் தூக்கம்னு எழுதட்டுமா சார்?"

"அவமதிப்புல பிற வகை இருந்தா அங்க எழுதலாம். தூக்கத்துக்கு நாங்க பொறுப்பில்ல."

மாவு நிறைய யோசித்து எந்தக் கட்டத்திலும் டிக் போடாமல் கையெழுத்து மட்டும் போட்டார். ஒத்துழைக்கவில்லை என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சம்பவ இடத்தில் மாதிரிக் கொட்டாவி. காலி அரங்கத்தில், அதே இருக்கையில் மாவை உட்கார வைத்தார்கள். தீவு அணி பயிற்சிக்குப் போயிருந்ததால் அரங்க ஊழியர்களில் பதினைந்து பேரைப் பிடித்து மைதானத்தில் நிறுத்தினார்கள். புல் வெட்டுபவர் முன்னால் நின்று நடத்தினார். டிக்கெட் கிழிப்பவர்கள் இரண்டு பேர் தொடையில் அறைந்துகொண்டார்கள். வாட்ச்மேன் நிலத்தை மிதிக்கும்போதெல்லாம் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கியது. அவ்வளவு கஷ்டத்திலும் அவர்கள் முகத்தில் ஒரு கோபம் இருந்தது. அது சம்பளமில்லாத வேலை என்பதால் வந்த கோபம்.

"இப்ப விடுங்க" என்றார் செயலாளர்.

மாவு வாயைத் திறந்தார். காற்று போய்விட்டு வந்தது. கொட்டாவி வரவில்லை. ஆயுள் தண்டனைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

"ஒழுங்கா விடுங்க. இப்படி" என்று செயலாளர் தாமே விட்டுக் காட்டினார். நான்கு தடவை காட்டினார். நான்காவது அசலாகவே வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்கும் தொற்றியது, கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டார். குறிப்பெழுதும் அம்மாள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியில், வரவழைத்திருந்த பல் டாக்டர் மாவுடைய வாயை ஒரு கருவியால் திறந்துவைத்து அளந்து அறிக்கை கொடுத்தார். திறப்பு ஐந்தரை சென்டிமீட்டர். போர் நடனத்தில் தீவு அணிக்காரர் நாக்கை நீட்ட அனுமதித்திருக்கும் நீளம் நான்கு சென்டிமீட்டர். ஆகவே ரசிகருடைய வாய், எதிரணியின் நாக்கைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிக விரோதம் காட்டியிருக்கிறது. கூடவே இரண்டு கடைவாய்ப் பல் அடைக்க வேண்டும்.

"இது போதும்" என்றார் தலைவர்.

திரும்பி வரும் வழியில் மாவு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நானேதான் வேணும்னு பண்ணேனோ?"

"உளறாதய்யா."

"இல்லண்ணே. இவ்வளவு பெரிய ஆளுங்க இவ்வளவு அளந்து பாத்துச் சொல்றாங்க. எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு."

அன்றைக்குத்தான் நான் அவரை நம்பினேன். வேண்டுமென்று செய்தவன் ஒருநாளும் அப்படிக் கேட்கமாட்டான்.

தீர்ப்பு சொல்லும் நாள் ஏழாவது மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. எங்கள் அணியின் பயிற்சியாளர் ஒரு மூலையில் நகம் கடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாவுடைய மனைவி முன் வரிசை. அந்தக் கொட்டாவிப் படத்தை அதுவரை நாற்பத்தேழு தடவை பார்த்திருந்த துணைக்குழு, விளக்கை அணைத்து நாற்பத்தெட்டாவது தடவையும் பார்த்தது. விளக்கு மறுபடி எரிந்தபோது உறுப்பினர் ஒருவரை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

அவமதிக்கப்பட்டவர் என்று தீவு அணியின் தலைவரை வரவழைத்திருந்தார்கள். மலை மாதிரி ஆள். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பக்கத்தில் நின்றவர் அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னார்.

"அன்னிக்கு உங்களுக்கு எங்க காயம்பட்டுச்சு? பயப்படாம சொல்லுங்க" என்றார் தலைவர்.

"முழங்கால்ல. மூணாவது நிமிஷம்."

"மனசுல?"

"ஒரு புள்ளியில தோத்தோம். அதுதான்."

"இந்த மனிதர் கொட்டாவி விட்டதைப் பாத்து மனசு புண்படலையா?"

தீவுத் தலைவர் மாவைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "நாங்க எதிர்ல நிக்கற பதினஞ்சு பேரைப் பாத்து ஆடுறோம். எங்க செத்துப்போன பெரியவங்களுக்காக ஆடுறோம். மேல உட்கார்ந்திருக்கறவர் கொட்டாவி விட்டாரா, தலை சீவுனாரான்னு யார் பாத்தாங்க? அன்னிக்கு எங்களுக்கே கொட்டாவி அடக்க முடியல. விடியக்காலையில எழுப்பி வரிசையா நிக்க வச்சு எங்க நாக்கை அளந்தது யாரு?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

செயலாளர் சட்டென்று எழுந்தார். "சாட்சி சொல்றதெல்லாம் உணர்ச்சி. நமக்கு ஆவணம் இருக்கு. அம்மா, இந்தக் கொட்டாவி சம்பந்தமா பதிவானது எல்லாத்தையும் வாசிங்க."

குறிப்பெழுதும் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எல்லாத்தையுமா சார்?"

"ஒண்ணு விடாம."

"குற்றம் சாட்டப்பட்டவர், ஒண்ணு, ஏழு விநாடி" என்று ஆரம்பித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "போர் நடனப் படத்தைப் பாத்தபோதும் மாதிரி நடனத்தின்போதும், தலைவர், பதினொண்ணு. ரெண்டு கைக்குட்டைக்குள்ள. செயலாளர், பதினாறு. அதுல நாலு செயல்முறை விளக்கம். முதல் உறுப்பினர், ஒன்பது. ரெண்டாவது உறுப்பினர், ஒண்ணு. அது ஆரம்பிச்ச நேரம் எழுதியிருக்கேன், முடிஞ்ச நேரம் இல்ல, தூங்கிட்டார். ஒருத்தர்கிட்டயும் முன் அனுமதிச் சீட்டு இல்ல."

"நாங்க ரசிகர் இல்லையே!" என்றார் தலைவர்.

"முப்பத்தொன்றாம் விதி, போன வருஷத் திருத்தம் சார். நடனத்தை நேர்லயோ படத்துலயோ பாக்கற யாரா இருந்தாலும் பொருந்தும். திருத்தம் கொண்டுவந்தது நீங்க. கையெழுத்து இருக்கு. தண்டனை, ஆயுள் முழுக்க நுழையத் தடை. இந்த அறையும் அரங்கத்துல சேர்த்தி."

துணைக்குழு தேநீர் குடிக்கப் போனது. இரண்டு மணி நேரம் குடித்தது.

திரும்பி வந்த தலைவரின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "ஆழமா ஆராய்ஞ்சதுல, நடந்தது கொட்டாவி இல்லன்னு தெரியவருது. எங்க யாருக்குமே கொட்டாவி வரல. அது வாய்திறந்த வணக்கம். வார்த்தையால சொல்ல முடியாத மரியாதை வாய் வரைக்கும் வந்து நிக்கற நிலை. நாங்க அதைப் பல தடவை அனுபவிச்சோம். ஆகவே வெற்றி செல்லும்."

கூடம் இரண்டாகப் பிளக்கும்படி கைதட்டல். இஸ்திரிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். ரீப்ளே ஜெயிச்சுட்டோம் என்று இரண்டு தடவை கத்திவிட்டார், மூன்றாவதை மெதுவாகச் சொல்ல வாயெடுத்தபோது தலைவர் கையைத் தூக்கினார்.

"இன்னும் முடியல. மரியாதைன்னு ஆயிட்டா அதை விருப்பத்துக்கு விட முடியாது. இனிமே எதிரணி போர் நடனம் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துலயும், சொந்த அணி ரசிகர்கள் சார்பா இந்த மனிதர் குறைஞ்சது ஏழு விநாடி, ஐந்தரை சென்டிமீட்டர், வாய்திறந்த வணக்கம் செய்யணும். பாவனை கூடாது. அசலா வரணும். தவறினா அது அவமதிப்பு. முப்பத்தொன்றாம் விதி அப்படியே இருக்கு."

அரையிறுதியில் எங்களுக்கு வாய்த்த எதிரணி இன்னொரு தீவு. அவர்களுக்கும் ஒரு போர் நடனம் இருந்தது.

பேரவை பேக்கரிக்கு எழுதி மாவுக்குப் பத்து நாள் ஓய்வு வாங்கிக்கொடுத்தது. முக்கியமான ஆளை நல்லபடி வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? மனைவி ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். பத்தொன்பது வருடத்துத் தூக்கம் மொத்தமும் வந்து அவர் மேல் விழுந்தது. முதல் நாள் பதினாறு மணி நேரம் தூங்கினார். நான்காம் நாள் கன்னம் உப்பியது. ஆறாம் நாள் கண் தெளிந்து, புருவத்து மைதா உதிர்ந்து, ஆள் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஏழாம் நாள்தான் எங்களுக்கு உறைத்தது. இப்படித் தூங்கி எழுந்தவனுக்குக் கொட்டாவி எப்படி வரும்?

என்னென்னவோ செய்து பார்த்தோம். இஸ்திரிக் கடையில் உட்காரவைத்து ரீப்ளேயை ஆப்சைடு விதியை விளக்கச் சொன்னோம். கடைக்காரர் விட்டார், நான் விட்டேன், துணி வாங்க வந்த வக்கீல் விட்டார். மாவு மட்டும், "அப்புறம்?" என்று ஆவலாகக் கேட்டார். மனைவி விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். அதில் தன்னைப் பற்றி எங்கே வருகிறது என்று அவர் விழித்த கண் மூடாமல் கேட்டார். இரவில் தூங்கவிடாமல் நடக்கவைக்கலாம் என்று மைத்துனன் யோசனை சொன்னான். ஆனால் மாவு வீட்டு வாசலில் செயலாளர் அனுப்பிய ஆள் ஒருவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். செயற்கையாகக் கொட்டாவி வரவழைக்கிறார்களா என்று பார்க்கத்தான்.

அரையிறுதியன்று மாவுக்கு முதல் வரிசையில் ஓரத்தில் சரிகை வைத்த நாற்காலி. சட்டையில் ஓர் அட்டை. ஒரு பக்கம் பல் டாக்டர் கருவியோடு, மறுபக்கம் மனைவி, அதற்கடுத்து விநாடி எண்ணும் கடிகாரத்தோடு செயலாளர். நாங்கள் வழக்கம்போலப் பின் வரிசை. மாவுடைய கழுத்து வேர்த்து வழிவது எனக்குத் தெரிந்தது. நாற்பதாயிரம் பேர் மைதானத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவாவது வருதாங்க?" என்று மனைவி உதடு அசையாமல் கேட்டார்.

"துளிகூட வரல."

பதினைந்து பேர் மைதானத்தின் நடுவில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் வயதானவர், முன்நெற்றி வழுக்கை. அவர் ஒரு வார்த்தைதான் கத்தினார். பதினான்கு பேரும் ஒரே உடம்பாகத் தாழ்ந்தார்கள். உள்ளங்கை தொடையில் விழுந்த சத்தம் எங்கள் இருக்கைக்கு அடியில் வந்து முட்டியது. ஒரு கால் நிலத்தில் இறங்கும்போது பதினைந்து காலும் இறங்கியது. அந்தக் கிழவனுடைய குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மற்றவர்கள் அதை வாங்கி மேலே தூக்கினார்கள். ஓரத்தில் நின்ற ஓர் இளைஞன் அழுதுகொண்டே மார்பில் அறைந்துகொண்டிருந்தான்.

மாவுடைய வாய் திறந்தது.

மெல்லத் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. பல் டாக்டர் பாய்ந்து கருவியை நீட்டினார். ஆறு சென்டிமீட்டர். செயலாளர் கடிகாரத்தை அமுக்கினார். ஏழு விநாடி தாண்டியது, பத்து தாண்டியது. நடனம் முடிந்து அவர்கள் கடைசியாக நிலத்தை மிதித்து நின்ற பிறகும் மூடவில்லை. பத்தொன்பதாவது விநாடியில்தான் மூடியது. பெரிய திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நாற்பதாயிரம் பேரும் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். எங்கள் அணி தப்பித்தது.

அந்த இரைச்சலில் மனைவி அவர் பக்கம் சாய்ந்தார். "எப்படிங்க வந்துச்சு?"

"என்ன?"

"கொட்டாவிதான்."

அவர் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொட்டாவியா? இல்லம்மா. எத்தனை வருஷமா இந்த ஆட்டத்துக்கு வர்றேன். இன்னிக்குத்தான் முழிச்சுட்டுப் பாக்கறேன். நீ பாத்தியா அந்தப் பெரியவரை? என்னம்மா இது... இப்படியெல்லாம் இருக்குமா?"

"அப்ப வாயைத் திறந்தது?"

"திறந்திருந்துச்சா?"

அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது. பாவனை கூடாது, அசலா வரணும் என்பது தீர்ப்பு. பக்கத்து நாற்காலியில் எழுதிக்கொண்டிருந்த செயலாளருடைய பேனா நின்றுவிட்டது. அவர் குனிந்து மாவுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுல என்ன தண்ணி?" என்றார். "விதியில கண்ணீருக்கு இடமே இல்லையே. எதுக்கு வந்துச்சு?"

மாவு உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் கையை அழுத்திப் பிடித்தார்.

"என்ன சார் நீங்க! அவ்வளவு பெரிய கொட்டாவி விட்டா யாருக்குத்தான் கண்ணுல தண்ணி வராது?"

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்று பின் வரிசையிலிருந்தே தெரிந்தது. ஆனால் தமக்கும் அப்படித்தான் வந்தது என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேனாவை உதறி, படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்:

'கண்ணீர் இரண்டு சொட்டு. காரணம், தூக்கம்.'